தெருவில் கேட்ட அலறல்: பாமாவின் ‘சங்கதி’யை மீண்டும் வாசிக்கையில்

1994ஆம் ஆண்டு பாமாவின் ‘சங்கதி’ வெளிவந்தபோது நான் குருமட மாணவனாக இருந்தேன். 1992இல் வந்த அவருடைய ‘கருக்கு’ எங்களிடையே பெரும் சலசலப்பை உண்டாக்கியிருந்தது. துறவற சபையை விட்டு வெளியேறிய ஒரு தலித் பெண், தாம் பிறந்த ஊரையும் தம்மை வளர்த்த திருச்சபையையும் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தார். ஆகவே இரண்டாவது நூலையும் ஆவலோடு கையில் எடுத்தேன். பாதியைக்கூடத் தாண்டவில்லை. பக்கத்துக்குப் பக்கம் வசைச் சொற்கள். கேட்கக் கூசும் பேச்சு. ‘இதுவும் இலக்கியமா?’ என்று நண்பர்களிடம் தீர்ப்புக் கூறிவிட்டு நூலை மூடி வைத்தேன். இறையியல் பயிலும் இளைஞனுக்குத் தீர்ப்புக் கூறுவது எளிதாக இருந்தது.

ஆண்டுகள் கடந்தன. குருப்பட்டம் பெற்று நான் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரு மாலை வேளை, நற்கருணை ஆசீர் முடிந்து கோயிலைப் பூட்டும் நேரத்தில், ஒரு பெண் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். ஒரு கண் முழுவதும் வீங்கி மூடியிருந்தது. “சாமி, இனிமே அந்த வீட்டுக்குப் போக எனக்குத் தெம்பில்ல. நான் என்ன செய்யட்டும்?” என்றார். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், அவருக்காகச் செபித்தேன். கணவரை மறுநாள் அழைத்துக் கண்டிப்பதாக வாக்களித்தேன். பிறகு, “பிள்ளைகள நெனச்சுப் பொறுத்துப் போம்மா. புனித மோனிக்கம்மாள் படாத பாடா?” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கணவர் வந்தார், தலைகுனிந்து நின்றார், இனிச் செய்வதில்லை என்றார். ஆறு வாரம் கழித்து அரசு மருத்துவமனையில் அந்தப் பெண்ணை முறிந்த கையோடு பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிரவுதான் ‘சங்கதி’யைத் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். அதற்குப் பிறகு பலமுறை படித்துவிட்டேன். கணவன் மனைவியை ஏன் அடிக்கிறான் என்ற கேள்விக்கு நான் பயின்ற எந்தப் பாடநூலும் தராத விடைகளை அந்நூல் தந்தது. அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதும், அந்த விடைகள் எந்த அளவுக்குப் போதுமானவை என்று எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பேச்சால் ஆன நூல்

‘சங்கதி’யில் தொடர்ந்து வளரும் ஒரு கதை இல்லை, ஒரே நாயகியும் இல்லை. வெள்ளையம்மாக் கிழவி பேசுகிறார், பேத்தி கேட்கிறாள், கேட்டுவிட்டு மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறாள். பறையர் சமூகத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போதும் வந்தபின் தெருவில் அமர்ந்திருக்கும்போதும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செய்திகளே இயல்களாகின்றன. பெரும்பாலும் நம் ஞாயிற்றுத் திருப்பலிக்கு வரும் கத்தோலிக்கப் பெண்கள் இவர்கள்.

இவ்வடிவம் குறைபாடு என்றே முன்பு கருதினேன். இன்று அது பொருளுக்கு ஏற்ற வடிவம் என்று கருதுகிறேன். வீட்டுக்குள் நிகழும் அடி, காவல் நிலையப் பதிவேட்டிலோ பங்குப் பேரவையின் கூட்டக் குறிப்பிலோ பெரும்பாலும் ஏறுவதில்லை. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) தரும் கணக்கைப் பாருங்கள். உடல்வழி அல்லது பாலியல்வழி வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 77 பேர் எவரிடமும் உதவி தேடியதுமில்லை, வெளியே சொன்னதுமில்லை. உதவி தேடியவர் நூற்றுக்கு 14 பேரே. வெளியே சொல்லப்படாத ஒன்றை எழுத விரும்புகிற எழுத்தாளர், பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். பாமா அங்கே போயிருக்கிறார்.

‘என் பெண்டாட்டி’ என்னும் சொல்

நூலில் தாயி என்றொரு பெண். அவளுடைய கணவன் அவளைத் தெருவில் வைத்து வாரால் அடிக்கிறான். தடுக்க முற்படுவோரிடம் அவன் சொல்லும் விடை ஒன்றுதான்: இவள் என் மனைவி, அடிப்பேன், கொல்லவும் செய்வேன், கேட்க நீ யார்? இந்த விடை தெருவை வாயடைக்கச் செய்கிறது என்பதுதான் கவனிக்கத் தக்கது. அயலானின் மாட்டை ஒருவன் அப்படி அடித்தால் ஊர் கேட்கும். தன் மனைவியை அடித்தால் அது ‘குடும்ப விவகாரம்’ ஆகிவிடுகிறது. கோபம், குடி, வறுமை ஆகிய காரணங்களுக்கெல்லாம் அடியில் இந்த உடைமை எண்ணம் படுத்திருக்கிறது. அடிப்பவன் மட்டும் அப்படி எண்ணவில்லை, பார்த்துக்கொண்டிருப்பவர்களும் எண்ணுகிறார்கள். மேற்சொன்ன ஆய்வில், சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமே என்று சொன்ன இந்தியப் பெண்கள் நூற்றுக்கு 45 பேர்; ஆண்கள் 44 பேர். இவ்விரு எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைக் காணும்போது, இந்த நோய் ஆண்களின் நெஞ்சில் மட்டும் இல்லை, நாம் அனைவரும் மூச்சு விடும் காற்றில் இருக்கிறது என்பது தெளிவாகிறது.

அக்காற்றை எப்போது உள்ளிழுக்கத் தொடங்குகிறோம்? இதற்கும் நூலில் விடை உண்டு. கதைசொல்லி தன் சிறுவயது விளையாட்டை நினைவுகூர்கிறாள். அம்மா அப்பா விளையாட்டு. சிறுமிகள் மண்ணால் சோறு சமைத்துச் சிறுவர்களுக்கு முதலில் பரிமாற வேண்டும். சிறுவர்கள் உப்பில்லை என்று குறை சொல்லி, தலைமயிரைப் பிடித்து இழுத்து அடிப்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நூலில் இரத்தம் சிந்தும் காட்சிகள் பல இருந்தும், என்னை மிகவும் அச்சுறுத்தியது இந்தச் சிரிப்புதான். எந்தச் சிறுவனுக்கும் யாரும் இதைப் பாடமாகக் கற்பிக்கவில்லை. இரவில் வீட்டில் கண்டதைப் பகலில் தெருவில் நடித்துப் பார்க்கிறான். பின்னாளில் தன் வீட்டில் நடத்திக் காட்டுகிறான். தன் தந்தை தாயை அடிக்கக் கண்டு வளர்ந்த பெண்கள் தாங்களும் அடிபட்டு வாழும் வாய்ப்பு மிகுதி என்று அதே ஆய்வு காட்டுகிறது. நம் மறைக்கல்வி வகுப்புகளில் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கும் குழந்தைகள் மாலையில் என்ன விளையாடுகிறார்கள் என்று நாம் பார்த்ததுண்டா?

கீழ்நோக்கிப் பாயும் அவமானம்

பாமா தரும் விளக்கங்களுள் புகழ்பெற்றது ஒன்று. நிலவுடைமையாளரின் வயலில் நாள் முழுவதும் குனிந்து, அவர்கள் முன் தம் ஆண்மையைக் காட்ட வழியற்று, ஏச்சையும் இழிவையும் விழுங்கிக்கொண்டு வரும் ஆண், அடக்கி வைத்த சினம் முழுவதையும் வீட்டில் மனைவிமேல் கொட்டுகிறான் என்பது. மாரியம்மாவின் கதை இதற்குச் சான்று. முதலாளி ஒருவன் அவளிடம் தவறாக நடக்க முயல்கிறான். அவள் தப்பி ஓடுகிறாள். தன் மானத்தைக் காத்துக்கொள்ள அவனோ அவள்மேலேயே பழியைத் திருப்புகிறான். ஊர்க்கூட்டத்தில் உண்மையை அறிந்தவர்களும் வாய் திறக்க அஞ்சுகிறார்கள். குற்றமற்ற அவள் மன்னிப்புக் கேட்கவும் தண்டம் கட்டவும் நேர்கிறது. இந்தக் களங்கத்தின் காரணமாகவே குடிகாரனான மாணிக்கத்துக்கு அவளைக் கட்டி வைக்கிறார்கள். அதன்பின் அவள் அன்றாடம் அடிபடுகிறாள். சாதி, நிலம், ஊர்ப்பஞ்சாயத்து, குடும்ப மானம் ஆகிய அனைத்தும் சேர்ந்து அவளை அந்த வீட்டின் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் மாணிக்கத்தின் கை ஓங்குகிறது. ஒரு வீட்டு வன்முறைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு தமிழ் நூலில் நான் படித்ததில்லை.

ஆயினும் இவ்விளக்கத்தோடு முழுமையாக உடன்பட என்னால் இயலவில்லை. அவமானமே காரணம் என்றால், அவமதிப்புக்கு ஆளாகாத வீடுகளில் அடி இருக்கக் கூடாது. மாடிவீட்டு ஆசிரியரும் அலுவலரும் கைநீட்டுவதை எந்தப் பங்குத்தந்தையும் அறிவார். பாமாவும் இதை அறியாதவர் அல்லர். மேல்சாதிப் பெண்கள் சுவருக்குள் அழுகிறார்கள், எம் பெண்கள் தெருவில் கத்துகிறார்கள் என்ற கருத்து நூலெங்கும் ஊடாடுகிறது. மேலும், ஆணைவிட மிகுதியாக அவமதிக்கப்படுபவள் பெண். வயலில் அவளுக்குக் கூலியும் குறைவு. அவள் தன் சினத்தை யார்மேல் கொட்டுவது? எனவே அவமானம் வன்முறையை மூட்டுகிறது. அது எத்திசையில் பாய வேண்டும் என்பதை முன்பே கண்ட உடைமை எண்ணம் தீர்மானிக்கிறது.

குடியைப் பற்றியும் இவ்வாறே சொல்லத் தோன்றுகிறது. கணவர் அடிக்கடி போதையில் திளைக்கும் வீடுகளில் நூற்றுக்கு 70 பெண்களும், கணவர் குடிக்காத வீடுகளில் 23 பெண்களும் வன்முறைக்கு ஆளானதாக ஐந்தாம் ஆய்வு கூறுகிறது. குடி கொடிய காரணி என்பதில் ஐயமில்லை. ஆனால் குடிக்காதவர் வீட்டிலும் 23 பேர் என்பதை மறக்கலாகாது. ஆலோசனைக்கு வரும் ஆண்கள் பலர், “போதையில கை நீண்டுடுச்சு சாமி” என்பார்கள். அந்தக் கை மேலாளரை நோக்கி நீள்வதில்லை. கடன் கொடுத்தவரை நோக்கியும் நீள்வதில்லை. எவ்வளவு போதையிலும் அது சரியான முகவரிக்கே போய்ச் சேர்கிறது. குடியை விடச் செய்வது நல்ல பணி. ஆனால் அத்தோடு நம் பணி முடிந்ததென்று எண்ணலாகாது.

இன்னொன்று. பெண் சம்பாதித்தால் அடி நிற்கும் என்று பலர் நம்புகிறோம். ‘சங்கதி’ அந்நம்பிக்கையை அசைக்கிறது. இந்நூலின் பெண்கள் அனைவரும் உழைக்கிறார்கள். ஆண்கள் தம் கூலியைத் தமக்கென்று செலவழிக்க, வீட்டு அடுப்பு எரிவது பெண்ணின் கூலியால்தான். அப்படியிருந்தும் அடிபடுகிறார்கள். கையில் காசு இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. வெளியேறிப் போய் மதிப்போடு வாழ ஓரிடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை அடைத்து நிற்பவர் யார் என்று கேட்டால், நூல் நம்மை நோக்கிக் கை நீட்டுகிறது.

மோனிக்கம்மாளின் அறிவுரை

நான் அந்தப் பெண்ணுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன புனித மோனிக்காவைப் பற்றி அவருடைய மகன் என்ன எழுதியிருக்கிறார் என்று பிறகு தேடிப் படித்தேன். புனித அகுஸ்தினாரின் ‘ஒப்புதல்கள்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் அது உள்ளது. அவ்வூர்ப் பெண்கள் பலர் கணவர் அடித்த தழும்புகளை முகத்தில் தாங்கி வந்து முறையிடுவார்களாம். மோனிக்காவோ, கணவரை அன்றி அவர்களுடைய நாவையே குறைகூறுவாராம். திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாள்முதல் தாங்கள் அடிமைகள் ஆனதை நினைவில் வைத்து, தலைவரை எதிர்க்காமல் இருக்கும்படி, பாதி வேடிக்கையாகவும் பாதி உறுதியாகவும் சொல்வாராம். சினம் மிகுந்த பத்ரீசியுஸ் அவரை ஒருநாளும் அடித்ததில்லை என்பது அவ்வூராருக்கு வியப்பு. அவருடைய அறிவுரையைக் கேட்டோர் பயனடைந்தனர் என்று மகன் பெருமையோடு முடிக்கிறார்.

அப்புனிதையின் பொறுமையையும் கண்ணீரையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. உரோமைப் பேரரசின் ஒரு சிற்றூரில், சட்டமும் வழக்கமும் கைவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தற்காப்பு அது ஒன்றுதான். ஆனால் தற்காப்பு வேறு, நீதி வேறு. அகுஸ்தினார் காயம்பட்ட முகங்களைக் காண்கிறார். அக்காயத்தை உண்டாக்கிய கையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருடைய சமகாலத்தவரான புனித யோவான் கிறிசோஸ்தோம், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்துக்கு விரிவுரை ஆற்றுகையில், நேர்மாறான இடத்தில் நிற்கிறார். மனைவியை அடிப்பதன் இழிவு அடிபட்டவளுக்கு அன்று, அடித்தவனுக்கே என்கிறார். சந்துகளில் அலறல் ஒலிக்க, வீட்டுக்குள் காட்டு விலங்கு ஒன்று புகுந்துவிட்டதுபோல் அயலார் ஓடிவரும் காட்சியை விவரித்து, அத்தகையவன் வெட்கப்பட வேண்டாமா என்று வினவுகிறார். தாயியின் தெருவும் கிறிசோஸ்தோமின் தெருவும் ஒன்றே. பதினாறு நூற்றாண்டுகளாக இவ்விரு குரல்களும் நம் மரபில் உள்ளன. மறையுரைகளில் நாம் மோனிக்காவை எடுத்துக்கொண்டோம். கிறிசோஸ்தோமை ஏட்டில் விட்டுவிட்டோம்.

அடைபட்ட வாசல்

கிறித்தவர்களாகிய தம் பெண்களுக்கு மட்டும் மணவிலக்கு என்ற வழியே இல்லை என்றும், இறைவன் இணைத்ததைப் பிரிக்கலாகாது என்று குருக்கள் சொல்லிச் சொல்லியே அவர்களை அந்த வீடுகளில் கட்டிப்போட்டார்கள் என்றும் பாமா குற்றம் சாட்டுகிறார். அந்நாளில் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1869ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டப்படி, கணவன் மனைவியின் பிறர்மனை உறவு ஒன்றை மட்டும் மெய்ப்பித்தால் போதும். மனைவியோ அதனோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அடி மட்டும் போதுமான காரணம் அன்று. 2001ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை மாற்றியது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவரோடு வாழும் வீட்டில் தங்கும் உரிமையையும் நீதிமன்றப் பாதுகாப்பையும் பெண்ணுக்கு அளித்தது.

திருமண அருட்சாதனத்தின் முறிவுபடாத தன்மையை நான் முழு மனத்தோடு நம்புகிறேன். ஆனால் பாமாவின் குற்றச்சாட்டுக்கு நான் தர விரும்பிய மறுப்பே என்மீது குற்றச்சாட்டாகத் திரும்பியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் சட்டம் உள்ளது. வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பேராபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டு என்கிறது அது. தலத்திரு அதிகாரியின் ஆணை பெற்றுப் பிரியலாம். தாமதம் ஆபத்தானால் தாமாகவே பிரியலாம். காரணம் நீங்கியபின் சேர்ந்து வாழ வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ‘சங்கதி’ வெளிவருவதற்கு பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே இது நம் சட்டம். இதை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். வீங்கிய கண்ணோடு ஒரு பெண் என் முன் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை. மாரியம்மாவுக்கும் எவரும் சொல்லியிருக்கவில்லை. 2016இல் ‘அன்பின் மகிழ்வு’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பெண்களைத் துன்புறுத்துவது ஆண்மையின் வெளிப்பாடு அன்று, கோழைத்தனம் என்று எழுதினார். வன்முறையிலிருந்து துணையையும் குழந்தைகளையும் காக்க, கடைசி வழியாக, பிரிதல் ஒழுக்கநெறிப்படி தேவையாகவும் ஆகலாம் என்றார்.

எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திருமணங்களில் வாசிக்கிறோம். மனைவியர் பணிந்திருக்க வேண்டும் என்ற வரி எல்லார் நினைவிலும் நிற்கிறது. அதற்கு முந்தைய வரி இருவரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கக் கேட்பதும், கணவனுக்கு முன் வைக்கப்படும் அளவுகோல் தன்னையே கையளித்த கிறிஸ்து என்பதும் நினைவில் நிற்பதில்லை. சிலுவையில் அடிபட்டவரைக் காட்டி அடிப்பவனுக்கு அதிகாரம் தேடுவது எத்தனை பெரிய முரண்!

ராக்கம்மாவின் வாய்

இளமையில் என்னை விரட்டிய வசைச்சொற்களுக்கு வருகிறேன். ராக்கம்மாவைக் கணவன் அடிவயிற்றில் மிதிக்கிறான். அவள் அழுது பணியவில்லை. நடுத்தெருவில் வாய்கூசும் சொற்களால் அவனைத் திட்டித் தீர்க்கிறாள்; சேலையையும் தூக்கிக் காட்டுகிறாள். கூட்டம் கலைகிறது, அவனும் விலகிப் போகிறான். கதைசொல்லி முதலில் அருவருக்கிறாள். பிறகு, அப்படிச் செய்யாவிட்டால் அன்று அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று உணர்கிறாள். நான் ‘இதுவும் இலக்கியமா’ என்று கேட்டது அவளுடைய ஒரே ஆயுதத்தைப் பார்த்து. மோனிக்கா நாவை அடக்கித் தப்பினார்; ராக்கம்மா நாவை அவிழ்த்துத் தப்பினாள். இருவரையும் அந்நிலைக்குக் கொண்டுவந்த கை ஒன்றே. அதைக் கண்டிக்காமல் நான் அவளுடைய மொழியைக் கண்டித்தேன்.

நூலில் குறைகள் உண்டு. ஆண்கள் எப்போதும் வெளியிலிருந்தே காட்டப்படுகிறார்கள்; மாணிக்கத்தின் நெஞ்சுக்குள் நூல் ஒருமுறையும் புகவில்லை. மனம் திரும்பும் ஆண் எப்படி இருப்பான் என்று தேடும் வாசகனுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. ஆசிரியரின் கருத்துரை சில இடங்களில் பாட்டியின் பேச்சை அமுக்கிவிடுகிறது. ஆனால் அடிபடுகிறவர்களின் பக்கத்திலிருந்து எழுதுவது என்று ஆசிரியர் தேர்ந்த இடத்தின் விலை இது. அந்த விலையைக் கொடுக்கலாம்.

ஐந்தாம் ஆய்வின்படி, மணமான தமிழகப் பெண்களில், 18 முதல் 49 வயதுக்குட்பட்டோரில், நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையை அறிந்தவர்கள். நாட்டின் சராசரி 29. ஞாயிறு திருப்பலியில் பெண்கள் பக்கத்து வரிசைகளைப் பார்க்கும்போது இந்த எண் எனக்கு நினைவுக்கு வருகிறது. இப்போது திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் 1153ஆம் சட்டத்தை மணமக்கள் இருவருக்கும் தமிழில் விளக்குகிறேன். 181 என்னும் உதவி எண்ணைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். அன்பியக் கூட்டங்களில் கிறிசோஸ்தோமின் தெருக்காட்சியைச் சொல்லி, பக்கத்து வீட்டு அலறல் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் நீண்ட மௌனமே விடையாகக் கிடைக்கிறது.

மருத்துவமனையில் முகம் திருப்பிய பெண், உடல் தேறியதும் பிள்ளைகளோடு அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தேன். அங்கே அவர் கோயிலுக்குப் போவதில்லையாம். அவருடைய கணவர், நான் மாறுதலாகி வரும்வரை, ஞாயிறு தவறாமல் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தார்.